நாவில் தோன்றும் போலிப் புற்று

நாவிலே ஒரு சிறு கட்டி. பட்டாணி அளவுதான் இருக்கும். வலி இல்லை, புண் இல்லை, இரத்தக் கசிவும் இல்லை. பல் துலக்கும்போதோ கண்ணாடி பார்க்கும்போதோ தற்செயலாகக் கண்ணிற் படுகிறது. அன்றிரவே உறக்கம் போய்விடுகிறது.

இந்த அச்சம் வெறும் பேதைமை அன்று. வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கம் மலாயாத் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. மலேசியாவில் வாழும் இனத்தாருள் இந்தியரிடையே வாய்ப்புற்று மிகுதி என்பது மருத்துவர் நன்கறிந்த செய்தி. ஆதலால் நாவில் எழும் கட்டி எதுவாயினும், புற்றாக இருக்குமோ என்ற ஐயமே முதலில் எழுகிறது. அவ்வாறு ஐயுற்று மருத்துவரிடம் விரைவது நன்றே.

ஆயினும் நாவில் தோன்றுவன எல்லாம் புற்றல்ல. தோன்றிய இடத்திலேயே மெல்ல வளர்ந்து, அண்டையிலுள்ள உறுப்புகளைத் தின்றழிக்காமலும், இரத்தத்தின் வழியே வேற்றிடங்களுக்குப் பரவாமலும் நின்றுவிடும் கட்டிகள் உண்டு. மருத்துவர் இவற்றைத் தீங்கற்ற கட்டிகள் என்பர். நாவில் இத்தகையவை அரிதாகவே காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் வரலாறு பெரிதும் வியப்புக்குரியது. அந்தக் கட்டி தானும் தீங்கற்றது. ஆனால் தன் மேலே படர்ந்திருக்கும் மென்தோலைத் தூண்டி, அதனைப் புற்றுப்போல் வேடம் பூணச் செய்துவிடும். வெறுங் கண்ணை மட்டுமன்றி, நுண்பெருக்காடியின் முன் அமர்ந்திருக்கும் கைதேர்ந்த அறிஞரின் கண்ணையும் அது ஏமாற்ற வல்லது. ஏமாந்தால் இழப்பது நாக்கு.

நாக்கை அறுத்த காலம்

நாக்கில் கட்டி என்றாலே அறுத்தெறிவதுதான் வழி என்றிருந்த காலம் ஒன்றிருந்தது. 1846இல் ஈத்தர் மயக்க மருந்து வழக்கிற்கு வந்தது. 1867இல் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர், புண்ணைக் கிருமிகளினின்று காக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் அறுவை மருத்துவர்க்குப் புதிய துணிவைத் தந்தன. மான்செஸ்டர் நகரத்து வைட்ஹெட் என்பவர் வெறுங் கத்தரிக்கோலைக் கொண்டே நாக்கு முழுவதையும் அகற்றும் முறையை 1870களில் கையாண்டார். சுவிட்சர்லாந்து நாட்டுக் கோச்சர், தாடைக்குக் கீழே கழுத்து வழியாகச் சென்று நாக்கை எடுக்கும் முறையை 1880இல் விளக்கினார். இவர்களைக் கொடியவர் என்று எண்ணிவிடலாகாது. நாவிற் புற்று வந்தவரின் முடிவு எத்தகைய துன்பம் என்பதை நேரிற் கண்டவர்கள் அவர்கள். பேச்சை இழந்தாலும் உயிர் எஞ்சட்டும் என்பதே அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு சரியாக வேண்டுமானால், இருப்பது புற்றுதானா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்தும், கெட்டியா மென்மையா என்று அழுத்திப் பார்த்தும், நோயாளியின் வயதையும் பழக்கத்தையும் கேட்டும் மருத்துவர் முடிவு கட்டினர். 1885இல் லண்டன் மருத்துவர் பட்லின் நாவின் நோய்களைப் பற்றியே தனி நூலொன்று எழுதினார். நாவில் வருவன பலதிறப்பட்டவை, அவற்றை வேறு பிரித்தறிவது தனிக்கலை என்ற உணர்வு அக்காலத்தில் வேரூன்றத் தொடங்கியதற்கு அந்நூலே சான்று.

வேறு பிரித்தறிய ஒரு கருவியும் வந்து சேர்ந்திருந்தது. உடம்பு உயிரணுக்களால் ஆனது, நோயும் உயிரணுக்களிலேதான் குடிகொள்கிறது என்று பெர்லின் பேராசிரியர் விர்ஹோ 1858இல் நிலைநாட்டினார். அதன்பின், நோயுற்ற இடத்தில் சிறு துண்டொன்றை வெட்டியெடுத்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்பெருக்காடியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் பரவியது. இதற்குப் ‘பயாப்சி’ என்ற பெயரைச் சூட்டியவர் பெனியே என்ற பிரெஞ்சு மருத்துவர், ஆண்டு 1879.

துண்டு சொன்னால் போதும், ஐயமில்லை என்று உலகம் நம்பத் தொடங்கிய வேளையில், அந்த நம்பிக்கையை அசைத்த நிகழ்ச்சி ஒன்று ஜெர்மனியின் அரச மாளிகையிலேயே நடந்தது. நாவைப் பற்றியதன்று, குரல்வளையைப் பற்றியது. எனினும் நாவின் கதைக்கு அதுவே திறவுகோல்.

1887இல் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்குத் தொண்டை கம்மியது. குரல்வளையில் ஒரு வளர்ச்சி தென்பட்டது. பெர்லின் மருத்துவர்கள் புற்று என்று கருதி, கழுத்தைத் திறந்து அறுக்க ஆயத்தமாயினர். லண்டனிலிருந்து அழைக்கப்பெற்ற மெக்கென்சி என்ற தொண்டை மருத்துவரோ, துண்டெடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்கலாகாது என்று தடுத்தார். அவரே துண்டு எடுத்தார், விர்ஹோவே பார்த்தார். புற்றில்லை என்றது விடை. மீண்டும் எடுத்தனர், அப்போதும் புற்றில்லை. அறுவை கைவிடப்பட்டது. 1888 மார்ச் 9இல் இளவரசர் பேரரசரானார். அப்போது அவருக்குப் பேசும் ஆற்றல் இல்லை. தொண்ணூற்றொன்பது நாள் ஆட்சி செய்து ஜூன் 15இல் இறந்தார். இறப்புக்குப் பின் உடலை அறுத்துப் பார்த்தபோது, புற்றே என்பது தெளிவாயிற்று.

விர்ஹோவின் கண் பிழை செய்ததா? தமக்கு அனுப்பப்பட்ட துண்டைப் பற்றி மட்டுமே தாம் கூறமுடியும், எஞ்சிய நோயைப் பற்றி அதைக்கொண்டு உறுதி சொல்ல இயலாது என்று அவர் அன்றே எழுதியிருந்தார். துண்டு மேலோட்டமாக எடுக்கப்பட்டிருந்தால், ஆழத்தில் உள்ளது அதில் தென்படாது. பார்ப்பவர் எத்துணைப் பெரியவராயினும் துண்டில் இல்லாததைப் பார்க்க முடியாது. பேரரசருக்கு நேர்ந்தது, புற்று இருந்தும் இல்லை என்ற பிழை. நாவிற் கட்டியின் கதையில் இதே பிழை தலைகீழாகத் திரும்புகிறது. அங்கே மேலோட்டமான துண்டு, இல்லாத புற்றை இருப்பதாகக் காட்டும்.

மாஸ்கோவின் அபிரிக்கோசாவ்

பருத்த நாவொன்றை ஆராய்ந்து வெபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1854இல் எழுதிய கட்டுரையே இக்கட்டியைப் பற்றிய முதற் குறிப்பு என்று நூலோர் பலர் கூறுவர். ஆயினும் இதனைத் தனியொரு நோயாக வகுத்து உலகிற்கு அறிவித்தவர் மாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலெக்ஸி இவானோவிச் அபிரிக்கோசாவ்.

அவர் 1875இல் பிறந்தவர். அவருடைய குடும்பம் மாஸ்கோவில் மிட்டாயும் சாக்லெட்டும் செய்து பெரும்பொருள் ஈட்டிய குடும்பம். ஜார் மன்னரின் அரண்மனைக்கும் இனிப்பு அனுப்பிய பெருமை அதற்குண்டு. புரட்சிக்குப் பின் ஆலை அரசுடைமையாயிற்று. பேரனோ இனிப்பு வணிகத்தை நாடாமல், இறந்தோர் உடலை அறுத்து நோயின் காரணம் தேடும் துறையை நாடியவர். 1924 ஜனவரியில் லெனின் மறைந்தபோது, உடலை அறுத்துச் சோதித்ததும், மக்கள் பார்வைக்கு வைக்கும் பொருட்டு முதன்முதலில் மருந்திட்டுக் காத்ததும் இவரே. அவருடைய மகன் பௌதிகத்தில் 2003ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். இத்தனை புகழுக்கிடையே, உலகெங்கும் உள்ள மருத்துவ மாணவர் தந்தையின் பெயரை மனப்பாடம் செய்வது ஒரு சிறு நாவிற் கட்டியின் பொருட்டே என்பது விந்தைதான்.

1926இல், விர்ஹோ தொடங்கிய ஜெர்மானிய ஏட்டிலேயே அபிரிக்கோசாவ் தம் கட்டுரையை வெளியிட்டார். அவர் கண்ட கட்டியின் உயிரணுக்கள் மிகப் பெரியவை, வெளிறியவை. ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் ரவை தூவினாற் போலச் சிறுசிறு மணிகள் நிறைந்திருந்தன. உயிரணுவின் கரு சிறிதாய், அடக்கமாய் இருந்தது. புற்றணுக்களிற் காணும் தாறுமாறான பெருக்கம் இல்லை. கட்டியைச் சுற்றி உறையும் இல்லை. நாவின் தசைநார்களுக்கிடையே அந்த மணியணுக்கள் புகுந்து நெருக்கமாகக் கலந்திருந்தன. எது தசை, எது கட்டி என்று பிரிக்க முடியாதபடி ஒன்று மற்றொன்றாக மாறுவது போன்ற தோற்றம்.

அந்தத் தோற்றத்தைக் கொண்டே அவர் முடிவு கட்டினார். நாவு என்பது தசைப்பிண்டம். கட்டி தசைக்குள் கிடக்கிறது. ஆகவே முதிர்ந்து தசையாக வேண்டிய இளம் உயிரணுக்களே இவ்வாறு கட்டியாகத் திரண்டன என்று கருதினார். இளந்தசையணுக் கட்டி என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். கண்டது முழுவதும் உண்மை; கண்டதிலிருந்து ஊகித்ததுதான் பிழை. ஆனால் பெயர் ஊகத்தின் மேல் வைக்கப்பட்டது. அது பாடநூல்களில் ஏறி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இறங்க மறுத்தது.

முதலில் மறுத்துரைத்தவர் ஆஸ்திரிய நாட்டு நோயியல் அறிஞர் பைர்ட்டர். உணவுப்பாதையில் காணப்பட்ட இத்தகைய கட்டிகளை ஆராய்ந்த அவர், இவை தசையினின்று வந்தவையல்ல, நரம்பைச் சார்ந்தவை என்று 1935இல் எழுதினார். தசையே இல்லாத இடங்களில் தசைக் கட்டி எவ்வாறு தோன்றும் என்ற கேள்வி வலுத்துக்கொண்டே வந்தது. தோலிலும் இக்கட்டி காணப்பட்டது, பெண்களின் மார்பகத்திலும் காணப்பட்டது. 1949இல் பஸ்ட், கஸ்டர் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் நரம்புத் தொடர்புக்கு மேலும் சான்று சேர்த்தனர். எனினும் ஒளி நுண்பெருக்காடியின் எல்லைக்குள் வழக்குத் தீரவில்லை. மணிகள் மணிகளாகவே தெரிந்தன. அவை என்ன என்று எவராலும் சொல்லமுடியவில்லை.

ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான்களைக் கொண்டு பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி வந்த பிறகே தெளிவு பிறந்தது. 1962இல் பிஷர், வெக்ஸ்லர் என்ற அமெரிக்கர் இருவர் அதன் துணையால் இக்கட்டியின் உயிரணுக்களை ஆராய்ந்தனர். நரம்பிழையைச் சுற்றிப் போர்வைபோல் அமைந்திருக்கும் உயிரணு ஒன்றுண்டு. 1839இல் வெளிவந்த ஷ்வான் என்ற ஜெர்மானியரின் ஆராய்ச்சியால் அறியப்பட்டதால், அது ஷ்வான் உயிரணு எனப்படும். நாவிற் கட்டியின் மணியணுக்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே அவர்கள் கண்ட முடிவு. பழைய பெயர் பிழையான பெயர் என்பதைத் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் பொறித்தனர்.

உள்ளே இருந்த மணிகளின் மருமமும் விளங்கியது. உயிரணு தன் கழிவை அமிலத்தில் கரைத்துச் செரிக்கும் நுண்பைகளை வைத்திருக்கிறது. பெல்ஜிய அறிஞர் டியூவ் 1955இல் கண்டறிந்து ‘லைசோசோம்’ என்று பெயரிட்டவை அவை. அந்தப் பைகள் செரிக்காத சரக்கோடு உப்பிக் குவிந்து கிடப்பதே மணிகளாகத் தெரிந்தது. லைசோசோம் என்ற ஒன்றையே உலகம் அறியாத 1926இல், அபிரிக்கோசாவ் அதை எப்படி அறிந்திருக்க முடியும்?

1980களின் தொடக்கத்தில் இன்னொரு சான்று வந்தது. மூளையிலும் நரம்புறையிலும் மிகுந்து காணப்படும் ‘எஸ்-100’ என்ற புரதத்தை, அதன்மேல் மட்டுமே ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றிக் காணும் முறை பரவியது. நாவிற் கட்டியின் மணியணுக்கள் அச்சாயத்தை நன்கு ஏற்றன. தசைக்கட்சி அத்துடன் ஏறத்தாழ ஓய்ந்தது. தோற்றுவாயைப் பற்றிய வாதமே வேண்டாம் என்று, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லும் ‘மணியணுக் கட்டி’ என்ற பெயரே இன்று உலக வழக்காக உள்ளது. அபிரிக்கோசாவ் கட்டி என்றும் சொல்வதுண்டு.

ஈண்டு ஒரு கிளைச்செய்தி. புதிதாய்ப் பிறந்த குழந்தையின் ஈற்றில் சில வேளை கட்டியொன்று தொங்கும். பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம், மேல் ஈற்றிலேயே காணப்படும். இரத்தம் எலும்பு மச்சையில் உண்டாகிறது என்று கண்ட அதே நியூமன் 1871இல் இதனை விளக்கினார். நுண்பெருக்காடியில் இதன் அணுக்களும் மணியணுக்களே. நாவிற் கட்டிக்கு உடன்பிறப்பு என்றே எவரும் சொல்வர். ஆனால் இவை எஸ்-100 சாயத்தை ஏற்பதில்லை. உருவம் ஒன்றாயிருந்தும் குலம் வேறு.

மேல்தோலின் வஞ்சனை

இதுவரை சொன்னது பெயரின் கதை. அறிஞர் தங்களுக்குள் வழக்காடிக்கொள்ளலாம். கட்டி தசையைச் சேர்ந்ததாயினும் நரம்பைச் சேர்ந்ததாயினும் நோயாளிக்கு வேறுபாடு பெரிதில்லை. நோயாளியைத் தொடும் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

நாவின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் மென்படலம் அடுக்கடுக்கான உயிரணுக்களால் ஆனது. வாய்ப்புற்றுகளில் மிகப்பெரும்பாலானவை இந்தப் படலத்திலேயே பிறக்கின்றன. புற்றாக மாறும்போது, படலத்தின் அணுக்கள் தம் எல்லையை மீறி, மரத்தின் வேர்போல விரல் விரலாகக் கீழே இறங்கும். கீழே தனித்தனித் தீவுகளாகவும் கிடக்கும். இதைக் கண்டால் புற்று என்று எழுதுவது நோயியலாரின் வழக்கம்.

மணியணுக் கட்டி இருப்பதோ இந்தப் படலத்திற்குக் கீழே. அது மேலேயுள்ள படலத்தை எவ்வகையிலோ தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட படலம் தடித்து, வேர் வேராகக் கீழ்நோக்கி வளர்கிறது. சீவல் குறுக்கே விழும்போது அந்த வேர்கள் தனித் தீவுகளாகவும் தோன்றும். பார்ப்பதற்கு அப்படியே புற்று. எல்லா நோயாளியரிடமும் இவ்வாறு நேர்வதில்லை. ஆனால் அரிதென்று ஒதுக்கும் அளவுக்குக் குறைவும் இல்லை.

இப்போது, மருத்துவர் நாவின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய துண்டு ஒன்றை மட்டும் கிள்ளி எடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் மேற்படலமும் அதன் போலி வேர்களும் மட்டுமே இருக்கும். கீழேயிருக்கும் மணியணுக்கள் அத்துண்டில் இல்லை. நோயியலார் நேர்மையோடும் கவனத்தோடும் பார்த்து, புற்று என்று எழுதிவிடுவார். அறுவை மருத்துவர் அந்தத் தாளை நம்பி நாக்கின் பாதியை எடுப்பார். கழுத்தையும் திறந்து நெறிக்கட்டிகளைக் களைவார். எடுத்ததை முழுமையாகச் சோதிக்கும்போது உள்ளே தீங்கற்ற கட்டி இருக்கும். இத்தகைய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அங்கே ஒருவரும் கடமையில் தவறவில்லை. துண்டுதான் ஆழமாக இல்லை.

நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போதே துண்டை உறையவைத்துச் சீவிப் பார்த்து விடை சொல்லும் முறையொன்று உண்டு. 1905இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வில்சன் என்பவர் செம்மைப்படுத்திய முறை அது. எத்தனையோ உயிரைக் காத்த முறை. எனினும் உறைந்த சீவலில் நுட்பங்கள் அத்துணைத் தெளிவாகத் தெரியா, காத்திருக்கவும் நேரமில்லை. மணியணுக் கட்டியைப் பொறுத்தவரை இந்த அவசரமே ஆபத்து.

இவ்வஞ்சனையை முறியடிக்க மருத்துவர் கைக்கொள்ளும் வழி எளியது. படலத்தோடு நில்லாமல், கீழேயுள்ள தசை வரை செல்லும் ஆழமான துண்டு வேண்டும். கட்டி சிறிதாயின் துண்டெடுப்பதை விடுத்து முழுக் கட்டியையும் எடுத்தனுப்புவதே மேல். வேறு குறிப்புகளும் உண்டு. நாவிற் புற்று பெரும்பாலும் நாவின் பக்க ஓரங்களிலும் அடிப்புறத்திலும் தோன்றுவது. நாவின் மேற்புறத்து நடுவில் அது தோன்றுவது மிக அரிது. மணியணுக் கட்டிக்கோ மேற்புறமும் உகந்த இடம். புற்று புண்ணாக வெடிக்கும். மணியணுக் கட்டியின் மேல் படலம் பெரும்பாலும் வெடிப்பின்றி இருக்கும். புகையிலையைத் தொடாத, நடுவயதுக்கு வராத ஒருவரின் நாவு நடுவிலுள்ள வெடிக்காத கட்டியைப் புற்று என்று தாள் சொன்னால், கத்தியை எடுக்குமுன் அந்தச் சீவலை இன்னொரு கண்ணும் பார்ப்பது நல்லது. போலி வேர்களின் உயிரணுக்கள் ஒழுங்கானவை. அவற்றின் கருக்கள் சீரானவை. கீழே மணியணு ஒன்றிரண்டு இருந்தாலும் எஸ்-100 சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. மணியணுக் கட்டியும் உண்மைப் புற்றும் ஒரே நாவில் அருகருகே இருந்ததாக மிக அரிய சில பதிவுகள் உள்ளன. எனவே மணியணுக்களைக் கண்டவுடனே புற்றில்லை என்று தாளை மூடிவிடவும் கூடாது.

வேறு சில கட்டிகள்

ஷ்வான் உயிரணுக்களிலிருந்து பிறக்கும் இன்னொரு கட்டியும் நாவில் அரிதாக வரும். இது நரம்புறைக் கட்டி எனப்படும். பிராகா நகரத்து வெரோக்கே 1910இல் இதனை விளக்கினார். இதன் அணுக்களின் கருக்கள் படைவீரர் போல வரிசை வரிசையாக அணிவகுத்து நிற்கும். அவ்வரிசைகளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. மணியணுக் கட்டிக்கு உறையில்லை. இதற்கு நல்ல உறையுண்டு. அதனால் பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுப்பதுபோல் முழுதாக எடுத்துவிடலாம். மீண்டும் வருவது மிக அரிது. நாவிலோடும் எந்த நரம்பிலிருந்து தோன்றியது என்று தேடினால், பலமுறை கண்டுபிடிக்கவே முடிவதில்லை.

இரத்தக்குழாய்க் கட்டியில் எச்சரிக்கை வேறுவகை. நீலமாகவோ செந்நீலமாகவோ இருந்து, அழுத்தினால் வெளிறி, விட்டால் மீண்டும் நிறம் பெறும் கட்டியில் துண்டெடுப்பதே கூடாது, இரத்தம் பீறிடும்.

எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை நாவின் அடியில் தோன்றும் வீக்கத்தைப் பற்றியது. கருவில் தைராய்டுச் சுரப்பி நாவின் அடியிலே தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. சிலரிடம் அது இறங்காமல் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். பார்ப்பவர்க்கு அது கட்டி. 1869இல் ஹிக்மன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறந்த சில மணி நேரத்தில் மூச்சடைத்து இறந்த குழந்தையொன்றிடம் இதனைக் கண்டு எழுதினார். இத்தகையோருள் பெரும்பாலோர்க்குக் கழுத்தில் வேறு தைராய்டு இருப்பதில்லை. நாவடியில் உள்ளதே அவர்களுக்குள்ள ஒரே சுரப்பி. கட்டியென்று அறுத்தால், உடலின் அனலையே அறுத்தெறிந்ததாகும். தைராய்டை முழுதும் இழந்தவர் உடலும் அறிவும் மந்தமாகிச் சிதைவதை 1883இல் எடுத்துக்காட்டியவர், முன்னே கண்ட அதே கோச்சர்தான். தாம் அறுவை செய்தவர்களையே மீண்டும் அழைத்துப் பார்த்து அவர் அதை ஒளிக்காமல் எழுதினார். 1909இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கதிரியக்க அயோடின் சோதனை வந்தபின், கத்தி வைக்காமலே இந்த வீக்கத்தை இன்னதென்று அறிய முடிகிறது.

மணியணுக் கட்டிக்குச் சிகிச்சை

மணியணுக் கட்டி எந்த வயதிலும் வரலாம். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டோரிடம் மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. உடம்பில் எங்கும் தோன்றக்கூடியதாயினும் நாவே அதற்கு மிக விருப்பமான இடம். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டது, கெட்டியானது, வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும். சிலரிடம், ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் உண்டாகும்.

சிகிச்சை அறுத்தெடுப்பது ஒன்றே. கதிர்வீச்சு இதற்குப் பயன்படாது. உறையில்லாமையால் கட்டியின் விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆதலால் சுற்றியுள்ள நல்ல திசுவில் ஒரு மெல்லிய வளையத்தையும் சேர்த்தே எடுப்பர். எடுத்த இடத்தைத் தையலிட்டு மூடினால் சில வாரத்தில் ஆறிவிடும். நாக்குக்கு இரத்த ஓட்டம் மிகுதி. புண் ஆறுவதில் அதற்கு நிகர் குறைவு. சிறு கட்டியை எடுத்தவரின் பேச்சிலும் சுவையிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் தோன்றுவதில்லை. விளிம்பில் சிறிது எஞ்சிவிட்டாலும் மீண்டும் வளர்வது குறைவே. எனினும் சில ஆண்டுகள் நாவைக் காட்டி வருமாறு மருத்துவர் சொல்வர்.

நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கொடியதாக மாறுவதுண்டு. அவை பெரியவை, விரைந்து வளர்பவை. எவை கொடியவை என்று பிரித்தறிய ஆறு அடையாளங்களை 1998இல் அமெரிக்க நோயியலார் வகுத்தனர். உயிரணுக்கள் நீண்டு கதிர்வடிவம் பெறுதல், விரைந்து பிளவுறுதல், இடையிடையே மடிந்து கிடத்தல் முதலியன அவற்றுட் சில. ஆறில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கொடியது என்பது அவர்கள் வகுத்த அளவு.

பெயர் வழக்கு முடிந்தும் ஒரு கேள்வி நெடுநாள் விடையின்றி நின்றது. நரம்புறை அணுவின் வயிற்றில் இத்தனை மணிகள் குவிவதேன்? 2018இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இக்கட்டிகளின் மரபணுக்களைப் படித்து விடை கண்டனர். அவர்கள் பார்த்த கட்டிகளுள் நூற்றுக்கு எழுபத்திரண்டில், உயிரணுவின் செரிமானப் பைகளுக்கு அமிலம் ஏற்றும் நுண் எந்திரத்தைச் சேர்ந்த இரண்டு மரபணுக்களுள் ஒன்று பழுதடைந்திருந்தது. அமிலம் ஏறாவிட்டால் பைக்குள் சென்ற சரக்குச் செரிக்காது, பை உப்பும், உப்பிய பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். சோதனைச்சாலையில் நல்ல ஷ்வான் உயிரணுக்களை வளர்த்து, அந்த மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தபோது, அவ்வணுக்களின் உள்ளேயும் மணிகள் தோன்றின. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோவில் அபிரிக்கோசாவ் நுண்பெருக்காடியிற் கண்டு வியந்த அதே மணிகள்.